முடிந்ததாகக் காட்டும் வீடு

9 ஜனவரி 2025, வியாழன்

சீனி மச்சான்,

இது நீங்கள் வேலை பார்த்த தோல்ஷாப்பு முதலாளி வருசா வருசம் உங்களுக்குக் கொடுக்கிற டைரி. போன மாசம் நீங்கள் மவுத்தாகி அடக்கமானது தெரிந்தும் இந்த வருசமும் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். மேலே 'சீனி முகமது' என்று சீட்டுக்கூட ஒட்டியிருக்கிறது.

நம் பிள்ளை அஃப்சானாதான் எடுத்து என் கையில் வைத்தாள். "இப்படி யார்ட்டயும் பேசாம உக்காந்திருந்தா உனக்கு என்னமாச்சும் ஆயிரும்மா. அத்தாட்ட பேசுற மாதிரி இதுல எழுது" என்றாள். நான் ஏழாவதோடு நின்றவள். அவள் எட்டாவது. என்னைவிட ஒரு வகுப்பு கூடப் படித்தவள் சொன்னால் கேட்க வேண்டியதுதான்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் எங்கே இருந்தீர்களோ அங்கேயேதான் நான் இத்தா இருக்க வேண்டுமாம். நாலு மாசம் பத்து நாள். வெளி ஆம்பிளை கண்ணில் படக்கூடாது. நாம் இருந்தது இந்தத் தகர செட். வீடு முடிகிற வரைக்கும்தானே என்று நீங்கள் போட்டது. வாசலில் போர்வையைக் கட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.

போர்வை ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. அதில் பார்த்தால் நம் வீட்டுச் சுவர் தெரிகிறது. கதவு வைக்காத வாசல், கம்பி வைக்காத சன்னல், அதற்கு மேல் லிண்டல், அதற்கு மேல் வானம். அன்றைக்கு வேலை விட்டு வந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு லிண்டலுக்குத் தண்ணீர் ஊற்றினீர்கள். "செத்த நேரம் உக்காந்துக்கிறேன் ஜெய்தூனு" என்று அந்தச் சுவரில் சாய்ந்தீர்கள். நான் டீ கொண்டுவந்தேன்.

அதற்குப் பிறகு அந்தச் சுவருக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

12 ஜனவரி, ஞாயிறு

உங்கள் வேலைச் சட்டையை இன்னும் துவைக்கவில்லை. தோல் வாடை போய்விடும்.

28 ஜனவரி, செவ்வாய்

கொடைரோட்டிலிருந்து என் தம்பி மன்சூர் வந்தான். இத்தா முடிந்ததும் அங்கேயே வந்துவிடச் சொல்கிறான். "இங்க என்னக்கா இருக்கு? நாலு செவுரு. அதுக்கும் கூரை இல்ல" என்றான்.

அந்த நாலு சுவரும் என் பேரில் இருக்கிறது என்று சொன்னேன்.

அவனுக்குத் தெரியாததா. சென்டர் கவர்மெண்ட் வீட்டுத் திட்டம், பொம்பிளை பேரில்தான் தருவார்கள் என்று மூன்று வருசம் அலைந்து எழுதி வாங்கினீர்களே. அடித்தளம் முடிந்தால் ஒரு போட்டோ, லிண்டல் முடிந்தால் ஒரு போட்டோ, கூரை முடிந்தால் ஒன்று. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு முன்னால் என்னை நிறுத்தி எடுத்து, போனில் ஏற்ற வேண்டும். ஏற்றினால்தான் அடுத்த வேலைக்குக் காசு. அடித்தளப் போட்டோ எடுத்த அன்று நீங்கள் ஆபீஸ் பையன் இனிகோவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கல்யாணத்துல எடுத்த போட்டோல கூட இம்புட்டு சிரிக்கலயேடி" என்றீர்கள். அந்தப் பையன் போனைக் கீழே போட்டுவிடப் பார்த்தான்.

லிண்டல் போட்டோ எடுப்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அதை எடுத்தால்தான் கூரை.

14 பிப்ரவரி, வெள்ளி

இனிகோ வந்தான். ஆபீஸில் இந்தத் திட்டத்துக்கு இன்ஜினியராக காண்ட்ராக்டில் இருக்கிறானே, அவன். அவனுக்கு இப்போது கைக்குழந்தை இருக்கிறதாம். போர்வைக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, அண்ணன் விசயம் எனக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுச்சு" என்றான். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறான் என்று போர்வைக்குக் கீழே தெரிந்தது.

பாஸிலாதான் பேசினாள். உங்கள் தங்கச்சி பக்கத்து வீட்டில் இருந்ததால் நான் பிழைத்தேன் மச்சான். உங்கள் அம்மா நிலத்தைப் பாதி உங்களுக்கு, பாதி அவளுக்கு என்று பிரித்துக் கொடுத்தது எனக்காகத்தான் போலிருக்கிறது. சோறும் வெஞ்சனமும் அவள் வீட்டிலிருந்துதான் வருகிறது.

"லிண்டல் போட்டோ எடுக்கணும்க்கா. ஜெய்தூன் அக்கா ஒரு நிமிசம் வெளிய வந்து நின்னா போதும்" என்றான்.

"எங்க மதினி இத்தாவுல இருக்கு தம்பி. உன் முன்னாடி வந்து எப்படி நிக்கும்?"

"எப்ப முடியும்?"

"ஏப்ரல்ல."

செருப்பு மாட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

3 மார்ச், திங்கள்

இரண்டாவது நோன்பு. பள்ளிவாசல் கஞ்சியை அஃப்சானா தூக்குவாளியில் வாங்கி வந்தாள். பாங்கு சொன்னதும் கை தானாக உங்கள் தட்டுக்குப் பேரீச்சம்பழம் எடுத்து வைத்தது. அவள் பார்த்தாள். பார்க்காத மாதிரி சாப்பிட்டாள்.

18 மார்ச், செவ்வாய்

இனிகோ மறுபடியும் வந்தான். குரலே சரியில்லை.

"இந்த மாசம் முப்பத்தொண்ணுக்குள்ள ஏத்தலேன்னா லிஸ்ட்ல இருந்து பேரையே எடுத்துருவாங்கக்கா. வருசம் முடியுது. மேல ரிப்போர்ட் அனுப்பணும்."

"ஏப்ரல் இருவத்தி ரெண்டு வரைக்கும் ஒங்க ஆபீஸு பொறுக்காதா?" என்று பாஸிலா கேட்டாள்.

"இத்தான்னு எந்தக் கட்டத்துலயும் இல்லக்கா போன் ஆப்புல."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னான்.

கொஞ்ச நேரம் கழித்து பாஸிலா போர்வையை விலக்கித் தலையை மட்டும் உள்ளே நீட்டினாள். "மதினி, நான் புர்கா போட்டு முகத்த மூடிக்கிட்டு நிக்கிறேன். நீங்கன்னு எடுத்துக்கிட்டுப் போகட்டும். யாரு கண்டா" என்றாள்.

அது சரியா என்று கேட்டேன்.

"இத்தாவ முறிக்கிறதுதான் தப்பு. இது என்ன, போட்டோ" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. உங்களுக்காக இருக்கிற இத்தா. அதை ஒரு போட்டோவுக்காக முறித்தால் நாளைக்கு உங்களிடம் என்ன சொல்வேன்? சரி என்றேன். இனிகோவும் ஒத்துக்கொண்டான்.

20 மார்ச், வியாழன்

எடுத்துவிட்டான். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இங்க வெளிச்சம் சரியில்ல. செத்த இங்கிட்டு உங்க வீட்டு வாசல்ல வந்து நில்லுங்க. அங்கதான் நல்லா விழுது."

"இங்கயா?"

"இன்னும் பின்னால. கதவுகிட்ட. ஆங்."

எனக்கு ஒரு நொடி என்னவோ போல இருந்தது. நோன்பு அசதி. ஏன் என்று கேட்கவில்லை. ஆள் யார் என்பதைத்தான் நாங்கள் மறைத்துக்கொண்டிருந்தோம். பின்னால் எந்தச் சுவர் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

31 மார்ச், திங்கள்

பெருநாள். அஃப்சானாவுக்குப் புதுத்துணி மன்சூர் எடுத்து வந்தான். நான் வெளியே போகவில்லை.

22 ஏப்ரல், செவ்வாய்

இத்தா முடிந்துவிட்டது. குளித்துவிட்டு வெளியே வந்தேன். வெயிலில் கண் கூசியது. ஊரில் ஒன்றும் மாறவில்லை. மலைக்கோட்டை அப்படியே நிற்கிறது. மாறியிருக்கும் என்று நான் எதற்கு நினைத்தேன்?

நேராகப் போய் நீங்கள் சாய்ந்த இடத்தைத் தொட்டேன். நகத்தால் கீறினால் சாந்து உதிர்கிறது. தண்ணீர் காணாத சிமெண்ட்.

15 மே, வியாழன்

கூரைக்குக் காசு வரவில்லை. பாஸிலாவை அழைத்துக்கொண்டு ஆபீஸ் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் பானுப்ரியா என்று ஒரு பெண். சின்னப் பெண்தான். என் பேரையும் ஆதார் நம்பரையும் தட்டினாள்.

"உங்க வீடு முடிஞ்சிருச்சேம்மா."

"முடியலம்மா. லிண்டலோட நிக்கிது."

"இல்லையே. இங்க முடிஞ்சதுன்னு காட்டுதே." திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

பச்சை பெயிண்ட் அடித்த வீடு. கிரில் கேட். வாசலில் கறுப்பு புர்காவில் பாஸிலா. அவள் வீட்டு வாசலில் அவளே நிற்கிறாள். கீழே என் பேர்.

"இது நீங்கதானே?" என்று கேட்டாள் பானுப்ரியா.

பாஸிலா என் கையைப் பிடித்தாள். அவள் விரல் சில்லென்று இருந்தது. இது நான் இல்லை என்றால் அடுத்த கேள்வி, பிறகு யார் என்பதுதான்.

"நான்தான்" என்றேன்.

"அப்புறம் என்னம்மா? முடிஞ்ச வீட்டுக்குக் கூரைக் காசு எப்படி வரும்?"

அவள் மோசமான பெண் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள்.

17 மே, சனி

இனிகோவைக் கூப்பிட்டு விட்டேன். வந்தான். இப்ப போர்வை இல்ல மச்சான். நேருக்கு நேரா நின்னு கேட்டேன். என்னடா பண்ணுன, ஏன்டா பண்ணுன. நான் ஒருத்தரையும் டா போட்டதில்ல. உங்களுக்குத் தெரியும்.

அவன் சொல்றான், மார்ச்சோட அந்த வருசத்துக் காசு திரும்பிப் போயிருமாம். லிண்டல்னு ஏத்தினாலும் காசு வந்திருக்காதாம். பாதியில நிக்கிற வீடு எத்தனைன்னு டெல்லிக்குக் கணக்குப் போகுமாம், அது கூடக்கூடாதாம். "முடிஞ்சதுன்னு போட்டா அந்தம்மாவுக்குப் பேராச்சும் நிக்கும்னு எங்க பெரிய இன்ஜினியர் ஏ.இ. சார்தான் சொன்னாருக்கா."

"பேரு நின்னா மழைக்கு நனையாதா தம்பி?"

"நான் காண்ட்ராக்ட் ஆளுக்கா. கையெழுத்து அவரோடது."

"போட்டோ?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். அவனை அடிக்கணும் போல இருந்துச்சு. அடிச்சா நீங்க வந்துருவீங்களா?

போகும்போது செட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். இவ்வளவு நாளும் அவன் உள்ளே பார்த்ததே இல்லை.

7 ஜூன், சனி

ஹஜ்ஜுப் பெருநாள். ஐந்து வீட்டிலிருந்து கறி வந்தது. இரண்டு பேர் எவ்வளவு தின்போம்.

11 ஜூன், புதன்

அஃப்சானா பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கீழே வைக்காமல் நின்றாள். "அம்மா, பஸ் ஸ்டாப்புகிட்ட பெருசா ஃப்ளெக்ஸ் வச்சிருக்காங்க. உன் பேரு போட்டிருக்கு. பாஸிலா மாமி படம்."

போய்ப் பார்த்தேன். நம் வார்டில் கட்ட வேண்டிய வீடு எல்லாம் நூற்றுக்கு நூறு முடிந்துவிட்டதாம். மூலைக்கு ஒன்றாக நாலு வீட்டுப் படம். ஒன்று 'பயனாளி ஜெய்தூன் பீவி'. தெரு விளக்கு, சிமெண்ட் ரோடு, கழிவுநீர்க் கால்வாய் என்று மற்றதெல்லாம் வரிசையாகப் போட்டிருந்தார்கள். கால்வாய் மட்டும் உண்மையிலேயே வந்திருக்கிறது. இல்லை என்று சொல்லக்கூடாது. மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்பதில்லை.

அஃப்சானாவோடு படிக்கிற ஷப்னம் கேட்டாளாம்: "உங்க வீடு முடிஞ்சிருச்சாமேடி. பால் காய்ச்சறதுக்கு எங்கள ஏன் கூப்பிடல?"

"நீ என்ன சொன்ன?"

"எங்க அத்தா இல்லாததால சும்மா சின்னதா வச்சிட்டோம்னு சொன்னேன்."

பொய் சொல்ல இந்தப் பிள்ளைக்கு யார் கற்றுக் கொடுத்தது?

2 ஜூலை, புதன்

பாஸிலா வீட்டுச் சுவரில் பலகை அடித்துவிட்டார்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து நாலு ஆணி. திட்டத்தின் பேர், வருசம், என் பேர்.

பாஸிலா புருசன் ஹக்கீம் அண்ணன் பரோட்டாக் கடையிலிருந்து மாவுக் கையோடு வந்து நின்றார். "சவுதியில எட்டு வருசம் வெயில்ல வெந்து கட்டுன வீடு. கவர்மெண்ட் கட்டுச்சாமே. தங்கச்சி, வாடகை மாசம் எம்புட்டு தரணும்னு சொல்லிரு."

"பேசாம இருங்க" என்றாள் பாஸிலா.

"எப்படிப் பேசாம இருக்கிறது? என் வீட்டுல நான் பயனாளியோட நாத்தனா புருசன். அதுக்கு என்ன பலகை?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மாசத்துக்கு மேல் ஆகிறது நான் சிரித்து. பாஸிலாவும் சிரித்தாள். ஹக்கீம் அண்ணன் சிரிக்கவில்லை. உளி எடுத்து வந்து பலகையை நெம்பிப் பார்த்தார். பூச்சு பெயர்ந்து வந்தது. நிறுத்திவிட்டார். பலகை ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது.

21 ஜூலை, திங்கள்

மனு நாள். கூட்டத்தில் நின்று மனு கொடுத்தேன். அஃப்சானா எழுதிக் கொடுத்தாள். போட்டோவில் நின்றது யார் என்பதை மட்டும் எழுதவில்லை. என் வீட்டுக்குக் கூரை இல்லை, வந்து பாருங்கள் என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

9 ஆகஸ்ட், சனி

போனில் பதில் வந்திருக்கிறது. அஃப்சானா படித்தாள். மனுதாரரின் வீடு முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டுள்ளதாக அறிக்கை பெறப்பட்டதால் மனு முடித்து வைக்கப்படுகிறது.

யாரும் வந்து பார்க்கவில்லை.

10 செப்டம்பர், புதன்

ஏ.இ. சாரே வந்தார். காத்தமுத்து என்று பேர். இனிகோ பின்னால் நின்றான். சார் செட்டுக்குள் குனிந்து பார்த்தார், நம் சுவரைப் பார்த்தார், பாஸிலா வீட்டுப் பலகையைப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, டெல்லியில இருந்து டீம் வருது. முடிஞ்ச வீட்டுல பத்தப் பொறுக்கிப் பாப்பாங்க. அதுல உங்க வீடு விழுந்திருச்சு" என்றார்.

விழுந்திருச்சு என்றதும் நான் நம் சுவரைத் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

"அந்த வீட்டுல ஒரு மணி நேரம் இருங்க. உங்க வீடுன்னு சொல்லுங்க. அவங்க போனதும் வேற ஒரு ஃபண்டுல உங்களுக்குக் கூரை போட்டுத் தாரேன். மழைக்கு முன்னால."

"சொல்லலேன்னா?"

"சொல்லலேன்னா" என்று இனிகோவைப் பார்த்தார். "ஆள்மாறாட்டம்னு வரும்மா. உங்க நாத்தனா மேல. உங்களுக்குக் குடுத்ததையும் திருப்பிக் கட்டச் சொல்லுவாங்க. எனக்கும் வரும். நான் ரிட்டயர் ஆகப்போறவன்."

மிரட்டுகிற மாதிரி இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

13 செப்டம்பர், சனி

ஹக்கீம் அண்ணன் சொல்கிறார்: "நின்னுட்டுப் போ தங்கச்சி. ஒரு மணி நேரம் என் வீட்ட எடுத்துக்க. இவளுக்குக் கேஸு கீஸுன்னு வந்துட்டா நான் யாரப் போயிப் பாப்பேன்?"

பாஸிலாவோ இன்றைக்கு வெஞ்சனம் கொண்டுவந்தபோது கிண்ணத்தை வைத்துவிட்டு உடனே போய்விட்டாள். எனக்காகத்தானே போய் நின்றாள். நான் இத்தாவைக் காப்பாற்றினேன், அவள் என்னைக் காப்பாற்றினாள். இப்போது யாரை யார் காப்பாற்றுவது?

15 செப்டம்பர், திங்கள்

முடிவு பண்ணிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுவேன். பாஸிலா பேரைச் சொல்லாமல் சொல்ல வழி இருக்கிறது. போட்டோவில் நான்தான் நின்றேன், வெளிச்சம் இல்லையென்று பக்கத்து வீட்டு வாசலில் நிறுத்தினார்கள், என் வீடு இதோ இது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டுவேன். கூரை இல்லாத வீட்டை எந்த டெல்லிக்காரர் பார்த்தாலும் தெரியாதா?

16 செப்டம்பர், செவ்வாய்

காலையிலேயே பானுப்ரியாவும் இனிகோவும் வந்துவிட்டார்கள். பாஸிலா வீட்டு நடுக்கூடத்தில் இருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றினார்கள். மக்கா படம் இருக்கட்டும் என்றார்கள். ஹக்கீம் அண்ணனைக் கடைக்கு அனுப்பினார்கள். "எவன் வீட்டுல எவன் ஒளியிறதுன்னு இல்லாமப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே போனார். பாஸிலாவுக்குப் போக இடமில்லை. நம் செட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் அவள் வீட்டு வாசலில் நின்றேன். டைல்ஸ் தரை காலுக்குக் குளிர்ந்தது.

மூன்று கார். ஏ.இ. சார் ஓடி ஓடிக் கதவைத் திறந்தார். கண்ணாடி போட்ட ஒரு அம்மா இறங்கினார். என் வயசு இருக்கும். நல்ல முகம் மச்சான். வெயிலில் அலைந்து களைத்திருந்தார். உள்ளே வந்து மேலே பார்த்தார், கூரையை. சுவரைத் தட்டிப் பார்த்தார். அவர் இந்தியில் கேட்டதை பானுப்ரியா எனக்குத் தமிழில் சொன்னாள்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா, என் வீடு இது இல்லை என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் பானுப்ரியா, "வீட்டுல எத்தன பேரு இருக்கீங்கன்னு கேக்குறாங்க" என்றாள்.

"மூணு பேரு" என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், ஆபீஸில், எத்தனை வருசமாக யார் கேட்டாலும் சொன்னது. தானாக வந்தது.

பானுப்ரியா என்னைப் பார்த்தாள். நீங்கள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அப்படியே இந்தியில் சொன்னாள். அந்த அம்மா கையில் இருந்த பலகை மாதிரியான போனில் தட்டினார். பிறகு என்னமோ கேட்டார்.

"வீட்டுக்காரர் எங்கன்னு கேக்குறாங்க."

இப்போது திருத்தியிருக்கலாம். அவர் இல்லை, மவுத்தாகிவிட்டார் என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை.

"தோல்ஷாப்பு போயிருக்காரு. சாயங்காலம் வந்துருவாரு" என்றேன்.

அந்த அம்மா தலையாட்டி, சிரித்து, அதையும் தட்டினார். ஏ.இ. சார் நெற்றியைத் துடைத்தார். இனிகோ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதுக்கப்புறம் நான் எப்படிச் சொல்றது மச்சான்? இது என் வீடு இல்லன்னு சொன்னா உங்களையும் சேர்த்துல்ல அழிக்கணும். அவங்க விரல் வச்சு உங்கள உள்ள போட்டாங்க. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு பொம்பள, முன்னப் பின்ன தெரியாதவ, உங்கள உசுரோட எழுதிக்கிட்டா. அத அழின்னு நான் எப்படிச் சொல்லுவேன். டிசம்பர்ல ஒருக்கா அழிச்சது போதாதா.

வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். இந்தத் தடவை நானே நின்றேன். முகத்தை மூடவில்லை.

கார் போனதும் செட்டுக்கு வந்தேன். பாஸிலா சட்டை மாட்டியிருக்கிற கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வேர்த்து நனைந்திருந்தாள். "மதினி, இதுக்குள்ளயா இருக்கீங்க இம்புட்டு நாளும்" என்றாள். தினமும் வந்து போகிறவள்தான். வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போவாள்.

என்ன சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

3 அக்டோபர், வெள்ளி

கூரை போட யாரும் வரவில்லை. ஏ.இ. சாருக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. ஆபீஸுக்குப் போனேன். இனிகோவின் காண்ட்ராக்ட் முடிந்துவிட்டதாம், பாலசமுத்திரம் பக்கம் ஏதோ கம்பெனியில் சேர்ந்துவிட்டானாம். பானுப்ரியா எழுந்து வெளியே வந்து வராந்தாவில் நின்று மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. நேர்ல வந்து பாத்து உறுதி பண்ணிட்டாங்கன்னு ஏறிருச்சு. முன்னாடியாச்சும் போட்டோ மட்டும்தான் இருந்துச்சு."

"சார் கூரை போட்டுத் தாரேன்னாரே."

"அவரு லீவுல இருக்காரு. திரும்ப வர மாட்டாருக்கா. ரிட்டயர்மெண்ட் லீவு."

பிறகு அவளே தயங்கித் தயங்கி, "அன்னிக்கு ஏன்க்கா மூணு பேருன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

பஸ் வந்துவிட்டது என்று சொல்லி வந்துவிட்டேன்.

12 அக்டோபர், ஞாயிறு

மன்சூர் வந்து அஃப்சானாவைக் கொடைரோட்டுக்குக் கூட்டிப் போய்விட்டான். செட்டுக்குள் தண்ணீர் வந்து அவள் புத்தகம் எல்லாம் ஊறிவிட்டது. டி.சி. வாங்கி அங்கேயே சேர்க்கிறானாம். என்னையும் கூப்பிட்டான். இந்தச் சுவரை விட்டு வர முடியாது என்றேன். "செவுத்தையா கட்டிக்கிட்டு அழப்போற?" என்றான். ஆமாம் என்றேன்.

அவள் பஸ்ஸில் ஏறுகிற வரைக்கும் அழவில்லை. சன்னல் வழியாக, "டெய்லி எழுதும்மா" என்றாள்.

19 அக்டோபர், ஞாயிறு

மதியத்திலிருந்து விடாமல் பெய்கிறது. தகரம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. ஹக்கீம் அண்ணன் ஒரு தார்ப்பாய் கொண்டுவந்து, நம் வீட்டு லிண்டல் மேல் இழுத்துக் கட்டி, நாலு மூலைக்கும் கல் வைத்தார். வீட்டுக்கு வந்து படு என்று இரண்டு பேரும் கூப்பிட்டார்கள். பாஸிலா அழுதே விட்டாள். நாளைக்கு வருகிறேன் என்றேன். இப்போது நம் வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன், முதல் தடவையாக. நீங்கள் சாய்ந்த இடத்தில் சாய்ந்திருக்கிறேன். சுவர் ஊறி முதுகு சில்லிடுகிறது. காற்றடித்தால் தார்ப்பாய் வயிறு மாதிரி இறங்கி, ஒரு மூலையில் மொத்தமாகக் கொட்டுகிறது.

இங்கே நான் ஒருத்திதான். அவர்கள் எழுதிக்கொண்டு போன வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். அந்த வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. கிரில் கேட் இருக்கிறது. சாயங்காலம் ஆகிவிட்டது, நீங்கள் தோல்ஷாப்பிலிருந்து வந்திருப்பீர்கள். அஃப்சானா படித்துக்கொண்டிருப்பாள்.

சீனி மச்சான், அங்க நனையாம இருக்கீங்களா?